ஏலத்தில் எடுத்த வீட்டின் பின்னறை

கண்ணு,

பள்ளிப்பட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். திருத்தணி வரைக்கும் நின்றுகொண்டே வந்ததில் முட்டி இரண்டும் என்னோடு பேசுவதில்லை. நான் இல்லாத நாட்களில் உன் அப்பா சோறு வடிக்கிறேன் என்று தினமும் கஞ்சியாக்கிக் குடித்திருக்கிறார். கேட்டால், "அதான் ஒடம்புக்கு நல்லது" என்கிறார். நலம் விசாரிப்பு இவ்வளவு போதும். எழுத வேண்டியது வேறு இருக்கிறது. எழுத உட்காருவதற்கே அலுப்பாக இருக்கிறது, ஆனாலும் இதை எழுதாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஏலத்தில் எடுத்த வீட்டை எனக்கு நீ திறந்து காட்டினாயே, அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்த நாளில் இருந்த அதே முகம். இது ஹாலு, இது சமையல் ரூம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனாய். பின்னறைக்கு வந்ததும், "இங்கதாம்மா பாப்பாவுக்குத் தொட்டில் கட்டப்போறேன். வெள்ளகூட புதுசா அடிச்சிருக்காங்க பாரு" என்றாய். நான் "நல்லா கீது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கூட நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் என் மூக்கு அப்போது வேறு வேலையில் இருந்தது.

புதுவாயல் கூட்ரோட்டில் எத்தனை வருஷம் லாரிக்காரர்களுக்கு நாஷ்டா போட்டவள் நான். மாவு எப்போது புளித்தது, எப்போது கெட்டது என்று மூடியைத் திறக்காமலே சொல்வேன். இட்லித் துணியைச் சரியாகக் காயாமல் மடித்து வைத்தால் மறுநாள் ஒரு வாசனை அடிக்கும் பார், அதேதான் உன் பின்னறையில் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் இருந்தது. வீடு முழுக்கச் சுவர் அழுக்கேறிக் கிடக்க, அந்த ஒரு அறைக்கு மட்டும் வெள்ளை அடிப்பானேன்? நீ சமையல் அறையில் ஏதோ காட்டப் போனபோது நான் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பூச்சு ஈர மாவு மாதிரி உதிர்ந்தது. உள்ளே கருப்பு. பூசணம். ஆடி வெயிலிலேயே இப்படி என்றால் ஐப்பசியில் என்ன ஆகும்? ஜன்னலைத் திறந்து பார்க்கலாம் என்று போனேன். தகரம் வைத்து ஆணி அடித்திருந்தது. சும்மா கிடந்த வீட்டில் திருடன் நுழைவான் என்று அடித்ததாகச் சொன்னாய். அந்தத் தகரத்தைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. அப்போது நீ சின்னப் பிள்ளை. வளர்ந்த பிறகு நாங்களும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

புதுவாயலில் நாம் இருந்த ஓட்டு வீடு உனக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் ஏலத்தில் வந்த வீடு என்பதை யாராவது உனக்குச் சொன்னார்களோ என்னவோ. அது சரோஜாவின் வீடு. அவள் புருஷன் வீட்டை பேங்க்கில் அடமானம் வைத்து ஒரு பழைய லாரி வாங்கினான். அந்த லாரி ரோட்டில் ஓடியதைவிட உன் அப்பாவின் ஷெட்டில் நின்றதுதான் அதிகம். உன் அப்பாதான் அதற்கு மெக்கானிக். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள், பீடி பிடிப்பார்கள், அந்த லாரியை ஆளுக்கு ஒரு பக்கம் திட்டுவார்கள். கடைசியில் பேங்க்காரன் வந்து வீட்டைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டுப் போனான். வழக்கு இழுத்ததில் இரண்டு மழைக்காலம் வீடு அப்படியே கிடந்தது. பிறகு தண்டோரா போட்டார்கள். ஊரில் ஒருவரும் ஏலம் கேட்க வரவில்லை. அழுதுகொண்டு போனவர்கள் வீடு, வயிற்றெரிச்சல் சும்மா விடாது என்று பேச்சு. நமக்கோ வாடகை வீட்டில் ஓலை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. உன் அப்பா போய்க் கேட்டார், கிடைத்தது. அவரை நான் தடுக்கவில்லை. நானும் அந்த வீட்டை ஆசையோடு பார்த்தவள்தான்.

சரோஜா குடும்பம் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் அவள் தம்பி நிலத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். நம் பின்னறை ஜன்னலைத் திறந்தால் நேரே அவர்கள் வாசல். அவள் விறகு பிளப்பது, பிள்ளைக்குத் தலை வாருவது எல்லாம் தெரியும். நாம் சாப்பிடுவது அவளுக்குத் தெரியும். பால் காய்ச்சிய மறுநாளே உன் அப்பா செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டுவந்து அந்த ஜன்னலை அடைத்துவிட்டார். "அதுங்க மூஞ்சியப் பாத்துக்கினு எப்பிடி சோறு துன்றது?" என்றார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைச் சரி என்றார்கள். இழந்தவர்கள் கண் வாழ வந்தவர்கள் மேல் படக்கூடாதாம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு பயம் இருந்தது, அதைவிட வெட்கம் இருந்தது. இரண்டையும் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டோம்.

மழை பிடித்தது. முதலில் மூலையில் திட்டுத் திட்டாகக் கருப்பு. உன் அப்பா ஈரத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளை அடித்தார். வெள்ளை காய்வதற்குள் கருப்பு மேலே வந்தது. யாரோ சொன்னார்கள் என்று டிஸ்டெம்பர் வாங்கி வந்து அடித்தார். அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்து விழுந்தது. ஊறுகாய் ஜாடியில் மேலே பூத்ததை வழித்துப் போட்டுவிட்டு மூடிவைப்போமே, அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். என் கல்யாணப் புடவையைப் பெட்டியில் இருந்து எடுத்தால் மடிப்பெல்லாம் சாம்பல் பூத்திருக்கிறது. அப்பாவின் செருப்பு பச்சை. அதெல்லாம் போகட்டும். உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அந்தப் பின்னறையில்தான் காற்றுப் படாது, குளிராது என்று உன்னைப் படுக்க வைத்திருந்தேன். நான்தான் வைத்தேன். உன் விலா எலும்பு மேலே எழும்பி உள்ளே போவதை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்போதும் குழந்தைகள் தூங்கும்போது நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், மார்பைத்தான் பார்ப்பேன்.

பொன்னேரி டாக்டர் மருந்து கொடுத்தார். நின்றது, திரும்ப வந்தது. சுவரில் கருப்பு ஏற ஏற, இது சரோஜாவின் வயிற்றெரிச்சல்தான் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. நான் பெரியபாளையத்தாளுக்கு வேண்டிக்கொண்டு, கார்த்திகையில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். வேப்பிலைச் சேலை கட்டி உன்னை இடுப்பில் வைத்துக் கோயிலைச் சுற்றினேன். இரண்டு நாள் அங்கேயே சத்திரத்தில் தங்கினோம். நாலு பக்கமும் திறந்த கூடம். அந்த இரண்டு நாளும் நீ இழுக்கவே இல்லை. புளியமரத்தடியில் ஓடி விளையாடினாய். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று அழுதேன். வீட்டுக்கு வந்த அன்றைக்கே மறுபடியும் இழுப்பு. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாபம் அவ்வளவு பலமானது என்றுதான் நினைத்தேன். ஆத்தாள் காட்ட வேண்டியதைக் காட்டித்தான் அனுப்பியிருந்தாள். பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, நாஷ்டா நேரத்தில் கடைக்கு முன்னால் சரோஜா வந்து நின்றாள். அதற்கு முன்பு அவள் என் கடைக்கு வந்ததில்லை, வழியில் பார்த்தாலும் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வோம். கூட்டமாக லாரிக்காரர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். என் கையில் கரண்டி அப்படியே நின்றது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாம்மா, அந்த ஜன்னல தொறந்து வுட மாட்டியா?" என்றாள். "புள்ள இழுக்கறது என் குடிச வரைக்கும் கேக்குது. என் புள்ளைங்க தூங்க மாட்டேங்குதுங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அது உப்பு மண்ணு செங்கல்ல கட்ன செவுரும்மா. மழைக்குத் தண்ணி குடிக்கும். நாங்க அந்த ரூமுல நெல்லு மூட்டகூட வெக்க மாட்டோம். ஜன்னல மட்டும் மூடவே மாட்டோம், ராவும் பகலும் தொறந்தே கெடக்கும். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"உன்னாண்ட எப்பிடி சரோஜா வந்து கேக்கறது" என்றேன்.

"நான் பாக்கறேன்னுதானே அடச்சிக்கினீங்க? நான் இனிமே அந்தாண்ட திரும்பிக் குந்திக்கிறேன். நீ தொற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

உன் அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். ஷெட்டில் இருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மத்தியானத்துக்குள் ஜன்னல் திறந்துவிட்டது. பூசணம் ஒரே நாளில் போய்விடவில்லை, உன் இழுப்பும் போகவில்லை. தை வரைக்கும் உன்னை முன்பக்கம் படுக்க வைத்தோம். மாசி வெயில் வந்ததும் பூச்சு முழுவதையும் செங்கல் தெரிகிற வரைக்கும் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை அம்மணமாகவே பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் காய விட்டோம். பார்க்க அசிங்கமாக இருந்தது. வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள். பிறகுதான் புதுசாகப் பூசி, பூசணத்தைக் கொல்ல மயில்துத்தம் கலந்து சுண்ணாம்பு அடித்தோம். அடுத்த மழைக்கு நீ இழுக்கவில்லை. சரோஜா சொன்ன சொல் தவறாமல், அந்தக் குடிசையில் இருந்த வரைக்கும் நமக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தாள். விறகு பிளந்தாலும் அப்படித்தான், பிள்ளைக்குத் தலை வாரினாலும் அப்படித்தான். இந்தப் பக்கம் திரும்பி உட்காரடி என்று சொல்ல எனக்கு ஆசை. ஒரு நாளும் வாய் வரவில்லை. பிறகு அவர்கள் மெட்ராஸ் பக்கம் போய்விட்டார்கள். அந்த முதுகு மட்டும் என்னோடு இருக்கிறது.

இப்போது புரிகிறதா, உன் வீட்டைப் பார்த்து நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று? நீ விசாரிக்காமல் எடுக்கவில்லை, தெரியும். வில்லங்கம் பார்த்தாய், வரி பாக்கி பார்த்தாய், ஓட்டைத் தட்டிப் பார்த்தாய். அந்த வீட்டில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். உன் அப்பா பிள்ளைதானே. வீடு போனவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்திருப்பாய். ஏலத்தில் வீடு எடுக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், எல்லாரிடமும் கேட்பார்கள், தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்க மாட்டார்கள்.

அதனால் திரும்பி வரும் வழியில் நான் கேட்டுவிட்டேன். உன் வீட்டில் முன்பு இருந்த, லேத்து பட்டறை வைத்து நொடித்துப்போன குடும்பம் இப்போது பெரியபாளையத்தில் கோயில் வாசலில் வேப்பிலையும் மஞ்சள் குங்குமமும் விற்கிறது என்று உன் பக்கத்து வீட்டில்தான் சொன்னார்கள். பஸ்ஸில் இருந்து இறங்கிப் போனேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். நான் யார் என்று சொன்னதும் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கதவு, ஜன்னல் எதையும் நாங்க கழட்டிக்கினு வர்லம்மா. இருந்தது இருந்தபடிதான் உட்டுட்டு வந்தோம்" என்றாள்.

"அதுக்கு வர்லம்மா" என்றேன். "அந்தப் பின்னறையப் பத்திக் கேக்க வந்தேன்."

கூடையில் இருந்து கையை எடுத்தாள். "பேங்க்காரன் கேக்கல, புரோக்கரு கேக்கல. நீங்கதான் வந்து கேக்கறீங்க" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முன்னே அந்த அறை நன்றாகத்தான் இருந்ததாம். பின்னால் ஃபாக்டரிக்கு மண் கொட்டி மேடாக்கியதும் மழைத் தண்ணீர் எல்லாம் வீட்டுச் சுவரில் வந்து நின்றதாம். "ஐப்பசில இடுப்பு ஒசரத்துக்கு ஊறிக்கும். கார்த்திகைல கருப்பு ஏறும். அங்க யாரையும் படுக்க வெக்காதீங்க. பின்னால ஒரு கால்வா வெட்டி உட்டா தண்ணி ரோட்டு பக்கம் போய்டும். வெட்டலாம்னு இருந்தாரு. அதுக்குள்ள பட்டற போச்சி, ஊடும் போச்சி" என்றாள். பேரப் பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டாள். பெண் என்றேன். "அப்பிடின்னா முன் ரூமுல தொட்டில் கட்டுங்க. காத்து நல்லா வரும். என் பொண்ணுங்க ரெண்டும் அங்கதான் வளந்துதுங்க" என்று சொல்லி, ஒரு பொட்டலம் குங்குமம் மடித்துக் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். அதை உன் பெண்டாட்டிக்கு அனுப்பி வைக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்.

வீட்டை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. விட்டுவிட்டு எங்கே போவாய்? நம்மைப் போன்றவர்களுக்குக் குறை இல்லாத வீடு கிடைக்காது. ஆவணியில் குறித்த நாளில் பால் காய்ச்சு. ஆனால் மருமகளையும் குழந்தையையும் அன்று சாயங்காலமே அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடு. அவள் அம்மாவுக்குக் கோபம் வரும், நான் பேசிக்கொள்கிறேன். மழைக்கு முன்னால் பின்பக்கம் கால்வாய் வெட்டு. நீயே வெட்டு, இல்லை ஆள் வைத்து வெட்டு, ஆனால் வெட்டு. அந்தப் புது வெள்ளையை நம்பாதே. பூச்சைக் கொத்தி எடு. செங்கல் தெரிந்தால் தெரியட்டும், உன்னோடு ஷிஃப்ட் பார்க்கும் நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். தை பிறந்து சுவர் காய்ந்த பிறகு பூசிக்கொள்ளலாம். குழந்தை அதற்குப் பிறகு வரட்டும்.

பால் காய்ச்சிய வீட்டை விளக்கு ஏற்றாமல் இருட்டாகப் போடக்கூடாது, யாராவது படுக்க வேண்டும் என்று நீ சொல்வாய். தெரியும். நான் வருகிறேன். இந்த ஐப்பசியும் கார்த்திகையும் நான் அந்த வீட்டில் இருக்கிறேன், பின்னறையிலேயே படுக்கிறேன். வேண்டாம் என்று ஓடி வராதே. புதுவாயல் வீட்டில் உனக்குப் போனது எனக்குத் தங்கிவிட்டது. இப்போதும் ஈரக் காற்று பட்டால் என் மார்பு முதலில் சொல்லிவிடும். ஒரு மழைக்காலம் முழுக்க நான் இழுக்காமல் படுத்தேன் என்றால் என் பேத்தி அங்கே தைரியமாகப் படுக்கலாம். இழுத்தால், அது கிழவிக்குத்தானே இழுக்கும். எனக்குப் பழக்கம். இதற்குப் பெரிய தியாகம் என்று பேர் வைத்துக் கண்ணைக் கசக்காதே, எனக்கு அதெல்லாம் கேட்கத் தெம்பில்லை. அந்தக் குழந்தையின் விலாவை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

இவ்வளவும் எழுதி முடித்து உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காது மந்தம் என்பதால் கத்தித்தான் படித்தேன், தெருவுக்கே கேட்டிருக்கும். சரோஜா வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ரூமுல ஜன்னல் கீதா?"

"கீது. தகரம் வெச்சி ஆணி அடிச்சிக்கீறான்" என்றேன்.

எழுந்து உள்ளே போனார். அங்கே தகரப் பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. ஊருக்கு எடுத்துவர என்று என் பாயை எழுத உட்காருவதற்கு முன்பே சுருட்டிக் கதவோரம் சாத்தி வைத்திருந்தேன். இப்போது பார்க்கிறேன், பக்கத்தில் அவருடைய பாயும் சுருட்டி நிற்கிறது. அதற்குள் ஆணி பிடுங்கும் குறடு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார். கண்ணு, நாங்கள் வரும் வரைக்கும் அந்த ஜன்னலில் நீ கை வைக்காதே. அதை உன் அப்பா திறக்கட்டும்.

அம்மா